கூரையிலிருந்து இறங்கிய ஆணிகள்

சென்ற அக்டோபரில் எங்கள் வீட்டுக் கூரையை மாற்றினோம். நியூ ஜெர்சியில் நாங்கள் வசிக்கும் பகுதியில் பெரும்பாலான வீடுகளின் கூரை ஓடும் அல்ல, காரையும் அல்ல. மரச்சட்டங்களின் மீது பலகை அடித்து, அதன்மேல் ‘ஷிங்கிள்’ எனப்படும் தார்த் தகடுகளை வரிசை வரிசையாக ஆணியடித்துப் பொருத்தியிருப்பார்கள். எங்கள் கூரையில் அத்தகடுகள் ஓரம் சுருண்டு, மழை பெய்த மறுநாள் தொழுகை அறையின் உட்கூரையில் தேநீர் சிந்தியது போன்ற கறை தோன்றத் தொடங்கியிருந்தது.

வேலைக்காரர்கள் தந்த விலைப்பட்டியலில் பழைய தகடுகளை அகற்றும் செலவு தனியாகக் குறிக்கப்பட்டிருந்தது. அதை மிச்சப்படுத்த எண்ணி, ‘டம்ப்ஸ்டர்’ என்னும் பெரிய இரும்புத் தொட்டியை நானே வாடகைக்கு எடுக்க முடிவு செய்தேன். தொலைபேசியில் பேசியவர் முதலில் கேட்டது, “கூரையில் எத்தனை அடுக்கு?” என்பதுதான். ஒன்று என்றேன், ஏறிப் பார்க்காமலேயே. நூறு சதுர அடித் தகடு ஏறக்குறைய நூறு கிலோவுக்கு மேல் நிறுக்கும். எங்கள் கூரை 2,000 சதுர அடி. இரண்டு டன்னைத் தாண்டும். தார்த் தகடு இடத்தைக் குறைவாகவே அடைக்கும், எடையோ விரைவில் ஏறிவிடும் என்பதால் பெரிய தொட்டி வேண்டாம், 10 கன கெஜத் தொட்டியே போதும் என்றார். வாடகைக்குள் அடங்கும் எடைக்கு ஒரு வரம்பு உண்டு. அதைத் தாண்டினால் எடை மேடையில் நிறுத்து, கூடுதல் கட்டணம் வாங்குவார்கள். பெயிண்ட், டயர், பேட்டரி, எரிவாயு உருளை ஆகியவற்றைப் போடக் கூடாது என்ற ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டேன்.

தெருவில் வைக்க நகராட்சியின் அனுமதி வேண்டும் என்பதால், எங்கள் வாகனப் பாதையிலேயே பலகைகளை விரித்து அதன்மேல் தொட்டியை இறக்கச் செய்தேன். பலகை இல்லையேல் அதன் இரும்புச் சக்கரங்கள் தரையைக் கீறிவிடும்.

முதல் நாள் காலை பத்து மணிக்குள் வேலைக்காரர் ஒருவர் மேலிருந்து அழைத்தார். முதல் அடுக்கின் கீழ் இன்னொரு பழைய அடுக்கு! எங்களுக்கு முன் இருந்தவர்கள் பழையதைப் பிரிக்காமல் அதன்மேலேயே புதியதை அடித்திருந்தனர். கூரையின் விளிம்பில் ஒரு தகட்டைத் தூக்கிப் பார்த்திருந்தாலே தெரிந்திருக்கும். மாலைக்குள் தொட்டி நிரம்பியது. அதை எடுத்துச் சென்று இரண்டாவது தொட்டியைக் கொண்டுவரச் செய்ய வேண்டியதாயிற்று. மிச்சம் பிடிக்க நினைத்த பணம் அத்துடன் போயிற்று.

அன்றிரவு உம்மா கீழக்கரையிலிருந்து அழைத்தார்கள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “பழைய ஓட்டையெல்லாம் யாருக்கு வாப்பா கொடுத்தே?” என்றார்கள். எங்கள் பாட்டனார் வீட்டின் ஓடுகளைப் பிரித்தபோது உடையாதவற்றை எண்ணி அடுக்கியதும், அவை ஓர் ஏழை வீட்டின் சமையற்கட்டுக்குப் போனதும், உடைந்தவை கொல்லைப் பள்ளத்தை நிரப்பியதும் எனக்கும் நினைவிருக்கிறது. இங்கே சில இடங்களில் தார்த் தகட்டை அரைத்துச் சாலை போடப் பயன்படுத்துவார்கள். எங்களுடையது எங்கே போகிறது என்று நான் கேட்டிருக்கவில்லை. உம்மாவிடம் ஏதோ சொல்லிச் சமாளித்தேன்.

ஏற்பட்ட செலவு மனத்தை எப்படி மாற்றும் என்பதை மறுநாள் கண்டேன். கராஜில் பாதி காலியான பெயிண்ட் டப்பாக்கள் ஆறு கிடந்தன. தகடுகளுக்கு அடியில் புதைத்துவிட்டால் யாருக்கும் தெரியாது. இவ்வளவு கொடுத்தேன், இதுவும் போகட்டும் என்று நான்கை உள்ளே வைத்துவிட்டேன். பள்ளி செல்லப் புறப்பட்ட மகள், “அதற்குத்தானே வாப்பா கையெழுத்துப் போட்டீங்க?” என்று கேட்டுவிட்டுப் பேருந்துக்கு ஓடினாள். வெளியே எடுத்தேன். மகள் கேட்டதற்காகத்தான் எடுத்தேன் என்பதையும் இங்கே எழுத வேண்டும்.

அதற்கடுத்த விடியலில், ஃபஜ்ரு தொழுதுவிட்டு வெளியே வந்தால், தொட்டியின் மேல் நனைந்த மெத்தை ஒன்று கிடந்தது. மெத்தைக்குத் தனிக் கட்டணம் உண்டு. இரவில் தார்ப்பாய் போட்டுக் கட்டாதது என் பிழை. ஆனால் என் மனம் உடனே பக்கத்து வீட்டை நோக்கிப் போனது. அங்கே வயதான பெண்மணி ஒருவர் தனியாக இருக்கிறார். முந்தைய வாரம் அவர் வீட்டு அறையொன்றைக் காலி செய்வதைப் பார்த்திருந்தேன். வேறு ஆதாரம் எதுவும் இல்லை. அன்று அவர் கையசைத்தபோது பார்க்காதது போல் உள்ளே போனேன். அடுத்த நாளும் அப்படியே.

வேலை முடிந்து, தொட்டியும் போய், ஐந்து நாள் கழித்து அவர் கதவைத் தட்டினார். கையில் ஓர் ஆணி. மூன்று சென்டிமீட்டர் நீளம், அகன்ற தட்டையான தலை. “இது உங்கள் கூரையினுடையதாக இருக்கலாம். என் காரின் டயரில் இருந்தது” என்றார். குற்றம் சாட்டும் தொனி இல்லை. மருத்துவரைப் பார்க்கப் புறப்பட்ட நேரத்தில் டயர் காற்றிழந்து, அன்றைய முன்பதிவைத் தவறவிட்டிருந்தார்.

பாதையில் கிடக்கும் தொல்லையை அகற்றுவது ஈமானின் கிளைகளில் ஒன்று என்னும் நபிமொழியை மதரஸாவில் மனனம் செய்திருக்கிறேன். பாதையில் கிடந்த முள்ளையும் கண்ணாடித் துண்டையும் எடுத்துப் போட்டபோதெல்லாம் அதை நினைத்துக்கொண்டவன்தான். முள்ளைப் போட்டவன் வரிசையில் ஒருநாள் நிற்பேன் என்று எண்ணியதில்லை. வேலைக்காரர்கள் காந்த உருளையை எங்கள் புல்வெளியில் ஓட்டியிருந்தனர். வேலிக்கு அப்பால் ஓட்டவில்லை. ஓட்டச் சொல்ல எனக்கும் தோன்றவில்லை. உதிர்ந்த இலைகள் வேறு எல்லாவற்றையும் மூடியிருந்தன.

டயருக்கான பணத்தைக் கொடுத்தேன். வேண்டாம் என்று மறுத்துப் பின் வாங்கிக்கொண்டார். சக்கரம் வைத்த காந்தம் ஒன்றை வாடகைக்கு எடுத்து, இலைகளைக் கூட்டி ஒதுக்கி, அவர் முற்றத்திலும் வாகனப் பாதையிலும் நானும் மகளும் மூன்று முறை ஓட்டினோம். நாற்பத்தொரு ஆணிகள். அவர் வாசற்படியில் நின்று, சிறுமியாக இருந்தபோது தம் தந்தை கூரை வேய்பவராக இருந்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

டயர் விவகாரம் தீர்ந்தது. மெத்தை விவகாரம் தீரவில்லை. அதைப் போட்டது யார் என்று இன்றுவரை தெரியாது. அவராக இருக்கலாம் என்று நான் நினைத்ததும், முகம் திருப்பியதும் அவருக்குத் தெரியுமா என்பதும் தெரியாது. சொல்லி மன்னிப்புக் கேட்டால், அறியாதிருந்த ஒருவரைப் புதிதாகப் புண்படுத்துவதாகும். சொல்லாவிட்டால் என் கணக்கில் நிற்கும். மனைவியிடம் கேட்டேன். “முதலில் அவரை வீட்டுக்குச் சாப்பிட அழையுங்கள்” என்றாள். இரண்டு முறை வந்துவிட்டார். நான் இன்னும் சொல்லவில்லை.

சென்ற வாரம் பனி உருகியபின் வேலியோரத்தில் மேலும் இரண்டு ஆணிகள் கிடைத்தன. மகள் அவற்றையும் ஜாம் புட்டியில் போட்டு வாசலருகே வைத்திருக்கிறாள்.