நொய்

ஆங்கிலத்தில் 'கிரிட்' என்றொரு சொல் உண்டு. பல்லில் நறநறவென்று கடிபடும் மணலுக்கும் அதுதான் பெயர். எதற்கும் தளராத நெஞ்சுரத்துக்கும் அதுதான் பெயர். இந்த இரண்டாம் பொருள் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்கப் பேச்சு வழக்கில் பரவியது. அதன் உறவுச் சொல்லான 'கிரிட்ஸ்' என்பதோ, உடைத்த மக்காச்சோளத்தைக் குழைய வேகவைத்து அந்நாட்டின் தென்பகுதி மக்கள் காலையில் உண்ணும் உணவு. அரைத்தல், தேய்த்தல் என்னும் பொருளுடைய ஒரே பழைய வேரிலிருந்து இரண்டும் கிளைத்தன என்பர் சொல்லாராய்ச்சியாளர். ஆக, அவர்கள் மொழியில் உடைந்த தானியமும் உடையாத உள்ளமும் உறவுமுறை!

தமிழில் அப்படியில்லை. உடைந்த அரிசி நொய். நொய்மை என்றால் வலுவின்மை. இற்றுவிழும் கயிறு நொய்ந்த கயிறு. திண்மைக்கு நாம் தேடிப்போவது கல்லை. திண்டு போன்ற பெரும்பாறை ஊரின் தலைமாட்டிலேயே கிடக்கும்போது வலிமைக்கு வேறு உவமை எதற்கு என்று நம் திண்டுக்கல் முன்னோர் எண்ணினர் போலும்.

ஆயினும் அப்பாறையைப் பார்த்தபடி சமவெளிச் சிற்றூரில் வளர்ந்த எங்களுக்கு, நொய் என்றவுடன் நொய்மை நினைவுக்கு வருவதில்லை. எங்கள் அன்னையாரே நினைவுக்கு வருகிறார். சோளமும் கம்பும் விளையும் மானாவாரி மண் எங்களுடையது. நெல்லரிசிச் சோறு ஞாயிற்றுக்கிழமைக்கும் திருநாளுக்கும் உரியது. விலைக்கு வாங்கிய அரிசியைச் சுளகில் இட்டு அன்னையார் திண்ணையில் அமர்வார். புடைத்தால் உமியும் தவிடும் பறக்கும்; சாய்த்துத் தட்டிக் கொழித்தால் நொய் தனியே பிரியும். பொடிக்கல் மட்டும் சுளகுக்கு அடங்காது. அதற்கு நீர் வேண்டும். அரிசியை நீரோடு சுழற்றிச் சுழற்றி மற்றொரு சட்டியில் சரித்தால், கனத்த கல் அடியில் தங்கிவிடும். இதற்கு அரித்தல் என்று பெயர். இன்று ஆலையிலேயே கல் நீக்கும் இயந்திரம் உள்ளதால் இளம்பெண்கள் பலர் இதை அறியார். ஒரு கலை அழிந்ததே என்று புலம்புவோரோடு நாம் சேரமாட்டோம். குனிந்து அரித்த முதுகின் வலியை அறியாதவர்களே அவ்வாறு புலம்புவர்.

முழு அரிசி எங்களுக்கும் விருந்தினர்க்கும், நொய் அன்னையாருக்கு. "எனக்கு இதுதான்டா தொண்டையில எறங்குது" என்பார், நம்பும்படியாகவே.

பின்னர் 1965-லும் 1966-லும் நாட்டின் பல பகுதிகளில் மழை பொய்த்தது. 1966-இல் மட்டும் இந்தியா ஏறத்தாழ 1 கோடி டன் தானியத்தை இறக்குமதி செய்தது; அதில் பெரும்பகுதி அமெரிக்காவிலிருந்து வந்தது. 1954-இல் அந்நாடு இயற்றிய, பி.எல். 480 என்னும் சட்டத்தின்படி வந்த உதவியில் ஒரு பகுதி, கத்தோலிக்க ரிலீஃப் சர்வீசஸ் வழியாகப் பங்குக் கோவில்களுக்கும் வந்தது. பால்மாவும் மக்காச்சோள மாவும் வந்தன. பல்கர் எனப்படும் கோதுமையும் வந்தது. வேகவைத்து, உலர்த்தி, உடைத்த கோதுமை அது. அதுவும் நொய்தானே! இரு கரங்கள் கைகுலுக்கும் படம் மூட்டைகளில் அச்சிட்டிருக்கும். மூட்டைத் துணியும் வீணாகவில்லை. எங்கள் தம்பியின் கால்சட்டைப் பின்புறத்தில் அக்கரங்கள் பல மாதங்கள் கைகுலுக்கிக்கொண்டிருந்தன.

கோவில் முற்றத்து வரிசையில் எல்லாச் சமயத்தாரும் நின்றனர். ஆனால் "சோத்துக்கு வேதத்துல சேந்தவங்க" என்ற ஏளனம் எங்கள் காதில் மட்டுமே விழுந்தது. எங்கள் வேதம் பல தலைமுறைப் பழமையுடையது என்று யாரிடம் போய் வாதாடுவது? அந்த வடு இன்னும் ஆறவில்லை. உயர்ந்த உத்தியோகத்திலிருந்து ஓய்வுபெற்ற எங்கள் உறவினர் ஒருவர், பேரப்பிள்ளைகள் முன்னிலையில் அந்தக் கோதுமைப் பேச்சை எடுத்தால் எழுந்து வெளியே போய்விடுவார். அவரை நாம் குறைகூறவில்லை. ஆனால் அவருடைய மௌனம் நமக்கு உடன்பாடன்று. அரைநாள் கூலியை இழந்து, விடியுமுன்னே வரிசையில் நின்று, ஏளனத்தையும் கேட்டுக்கொண்டு, தலைச்சுமையோடு வீடு திரும்பிய பெண்கள் நம் தாய்மார்கள். ஆங்கிலேயர் சொல்லும் அந்த 'கிரிட்' எங்கே இருக்கிறதென்று கேட்டால், மலைக்கோட்டைப் பாறையை அல்ல, அந்தத் தலைச்சுமையையே நாம் காட்டுவோம். பேரப்பிள்ளைகள் அதைக் கேட்டுத் தலைகுனிய என்ன இருக்கிறது?

இகழ்ச்சியும் மதிப்பும் இடத்துக்கு இடம் மாறுவதையும் பார்க்கிறோம். பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் இந்தோசீனத்திலிருந்து மேற்கு ஆப்பிரிக்காவின் செனகல் நாட்டுக்கு மலிவான நொய்யரிசி கப்பலேற்றப்பட்டது. இன்று அந்நாட்டார் மீனும் காய்கறியும் சேர்த்துச் சமைக்கும் தங்கள் தேசிய உணவுக்கு நொய்யரிசியையே விரும்பிக் கேட்டு வாங்குகின்றனர். நம் ஊரிலோ அது கோழிக் குஞ்சுக்குத் தீவனமாகிறது. காய்ச்சல் கண்டவர்க்குப் பூண்டுக் கஞ்சியாகிறது.

ஆண்டுக்கொரு நாள் மட்டும் எங்கள் பங்கில் நிலைமை வேறு. பெரிய வெள்ளியன்று வழிபாடு முடிந்ததும், பாசிப்பருப்பும் தேங்காயும் பூண்டும் இட்ட நொய்க் கஞ்சி பெரிய அண்டாக்களில் கோவில் முற்றத்துக்கு வரும். செல்வர், ஏழை எல்லாரும் ஒரே வரிசை. மேற்சொன்ன உறவினரும் அதில் நிற்பார். கையில் தூக்குவாளி இருக்கும். கஞ்சி ஊற்றும் இளைஞனிடம், "அடியில இருந்து கெட்டியா ஊத்து தம்பி" என்று சொல்ல மறக்கமாட்டார்.