ஒரு குரலும் இரு பெயர்களும்

அறுபதுகளின் பிற்பகுதியில், நாம் மாணவராயிருந்த காலத்தில், கொழும்பிலே ஒரு தேநீர்க்கடையின் மேல்மாடியில் அறையெடுத்துத் தங்கியிருந்தோம். கீழே கடையில் காலை முதல் இரவுவரை வானொலிப் பெட்டி பாடிக்கொண்டேயிருக்கும். சிங்களச் சேவையில் அடிக்கடி ஒலித்த ஒரு பெண்குரல் நம்மைப் பாடப்புத்தகத்திலிருந்து பிரித்தெடுத்துவிடும். சொற்கள் நமக்கு அரைகுறையாகவே விளங்கின. அக்குரலிலிருந்த துயரமோ முழுவதும் விளங்கிற்று. பாடுபவர் யாரென்று கடை முதலாளியிடம் ஒருநாள் கேட்டோம். “ருக்மணி தேவி, மகன். எங்கள் குயில்” என்றார் அந்தச் சிங்கள முதியவர்.

அக்குயிலின் பிறப்புப் பெயர் டெய்சி இராசம்மா டானியல்ஸ் என்பதைப் பல ஆண்டுகள் கழிந்த பின்னரே நாம் அறிந்தோம். 1923ஆம் ஆண்டு ஜனவரி 15ஆம் திகதி மலையகத்து றம்பொடையில், கொழும்புச் செட்டி வகுப்பைச் சேர்ந்த கிறிஸ்தவக் குடும்பமொன்றில் அவர் பிறந்தார். சிறுமியாயிருக்கும்போதே மேடையேறினார். முப்பதுகளின் இறுதியில், பதின்பருவம் கடவாத அவர், எச். டபிள்யூ. ரூபசிங்கவுடன் சேர்ந்து புத்தகயையைப் போற்றும் பாடலொன்றை இசைத்தட்டிற் பாடினார். கிறிஸ்தவப் பெண் பாடிய அந்தப் பௌத்தப் பாடலைச் சிங்கள மக்கள் தங்கள் பக்திப் பாடலாகவே ஏற்றுக்கொண்டனர். எவரும் அவருடைய பிறப்புச் சான்றிதழைக் கேட்கவில்லை.

பின்னர் அவர் பி. ஏ. டபிள்யூ. ஜயமான்னவின் மினர்வா நாடகக் குழுவிற் சேர்ந்து, ஜயமான்னவின் தம்பியும் நகைச்சுவை நடிகருமான எடி ஜயமான்னவை மணந்தார். நடிக்க வரும் பெண்ணைச் சமூகம் இழிவாகப் பார்த்த காலம் அது. அக்குழுவின் நாடகமே முதலாவது சிங்களப் பேசும்படமாயிற்று. ‘கடவுனு பொறொந்துவ’ என்ற அப்படம் 1947 ஜனவரி 21ஆம் திகதி கொழும்பில் திரையிடப்பட்டது. கதாநாயகி ருக்மணி தேவி. தயாரித்தவர் எஸ். எம். நாயகம் என்னும் தமிழர். நெறிப்படுத்தியவர் ஜோதிஷ் சிங் என்னும் வங்காளி. படம் உருவான இடம் மதுரை. சிங்களத் திரைக்கலை பிறந்த வீட்டில் இத்தனை மொழிகள் பேசப்பட்டன.

1956 வந்தது. ஜூனிலே தனிச் சிங்களச் சட்டம் நிறைவேறிற்று. அதே ஆண்டின் இறுதியில் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிசின் ‘ரேகாவ’ வெளிவந்தது. ஸ்ரூடியோவின் தட்டிகளை விட்டுக் கமராவை உண்மையான கிராமத்துக்குக் கொண்டுசென்ற படம் அது. மக்களின் வாழ்க்கையை மண்ணோடு காட்டவேண்டுமென்ற கோரிக்கை நியாயமானது. அதனை நாமும் வரவேற்றோம். நமது மாணவர் மன்றக் கூட்டங்களில், தென்னிந்திய அச்சில் வார்த்த பழைய படங்களை எள்ளி நகையாடினோம்.

இன்று நினைக்கையில் இரண்டு தவறுகள் தெரிகின்றன. போலிக் கலையைச் சாடிய அந்த விமர்சனத்தின் நிழலில், தென்னிந்தியத் தொடர்பு எதுவாயினும் அந்நியமே என்ற இனக்காழ்ப்பும் வந்து நுழைந்துகொண்டது. அதை நாம் பிரித்துக்காட்டத் தவறினோம். அந்த அச்சு உடைந்தபோது, அதற்குள் உழைத்த கலைஞர் எதை உண்பார் என்றும் நாம் கேட்கவில்லை. இரவிலே அவர் குரலைக் கேட்டுக் கண்கலங்கியவர்களும் பகலிலே அவர் படங்களைக் கண்டு சிரித்தவர்களும் நாமே!

தொழிலாளிக்கு ஓய்வூதியம் கோரிப் போராடிய நாடு இது. ஆயினும் நடிகையும் தொழிலாளியே என்ற எண்ணம் நம்மிற் பலருக்கு எழவில்லை. கதாநாயகி வேடங்கள் குறைந்தன. சிறு வேடங்கள் வந்தன. ஐம்பது வயதைத் தாண்டியும் அவர் ஊரூராகச் சென்று இசை நிகழ்ச்சி மேடைகளிற் பாடிக்கொண்டிருந்தார். 1978 அக்டோபர் 28ஆம் திகதி, மாத்தறையிற் பாடிவிட்டு நீர்கொழும்பிலுள்ள தமது வீட்டுக்குத் திரும்பும் வழியில், ஜா-எல துடெல்லையில் நிகழ்ந்த வாகன விபத்தில் அவர் உயிர் நீத்தார். உழைத்துவிட்டு வீடு திரும்பும் வழியிலேயே அந்தக் குரல் அடங்கிற்று.

ஐந்து ஆண்டுகளின் பின் 1983 ஜூலை. தமிழரான கே. குணரத்தினத்துக்குச் சொந்தமான ஹெந்தளை விஜயா ஸ்ரூடியோ எரிக்கப்பட்டது. சிங்களப் படங்களின் மூலப்பிரதிகளும் அத்தீயில் அழிந்தன. சிங்களப் படங்களை நெறிப்படுத்திய கே. வெங்கட் கொல்லப்பட்டார். தமிழனை எரிக்கப் புறப்பட்டவர்கள் தங்கள் மொழியின் கலைச்செல்வத்தையும் சேர்த்தே எரித்தார்கள்.

‘கடவுனு பொறொந்துவ’ என்பதற்கு ‘முறிந்த வாக்குறுதி’ என்று பொருள். நாடு சுதந்திரம் பெறுவதற்கு ஓராண்டு முன்னர் வெளிவந்த படம் அது. இராசம்மாவை ருக்மணி தேவியாக ஏற்றுக்கொண்ட மக்கள் தம்மையறியாமலே ஒரு வாக்குறுதியை அளித்திருந்தனர்: பாடுபவரின் குலத்தைக் கேளோம், பாட்டைக் கேட்போம் என்ற வாக்குறுதி. அதனை முறித்தவர்கள் இனத்தைக் காட்டி வாக்குச் சேர்த்தவர்கள். நம்மைப் போன்றவர்கள் அதைக் காக்கும் வேளையில் வாளாவிருந்தோம்.

அந்தக் கடை முதலாளிக்கு அவருடைய முதற்பெயர் தெரிந்திருந்ததோ, இல்லையோ! ‘எங்கள் குயில்’ என்று அவர் சொன்னபோது, அந்த ‘எங்கள்’ என்ற சொல்லில் மேல்மாடித் தமிழ் மாணவனுக்கும் இடமிருந்தது என்றே நாம் உணர்ந்தோம். வகுப்பறையில் நிற்கும் ஆசிரியத் தோழர்கள் தம் மாணவருக்கு இவ்விரு பெயர்களையும் சேர்த்தே சொல்லவேண்டும். அந்த ‘எங்கள்’ மீண்டும் விரிவதற்கு அது ஒரு தொடக்கமாகும்.