போடியிலிருந்து கார்மேல் அன்னையின் குன்றுக்கு

மதுரையிலிருந்து புறப்பட்ட காலை இரயில் நம்மைப் போடிநாயக்கனூரில் இறக்கிவிட்டது. 1928-இல் வந்த இந்த இருப்புப்பாதையில், அகலப்பாதைப் பணிக்காக 2010-இன் இறுதியில் நின்றுபோன வண்டி, 2023-இல்தான் மறுபடியும் போடிக்கு வந்தது.

போடி பழம்பெரும் ஊர். நாயக்கர் காலத்துப் பாளையமாக இருந்து பின்னர் சமீனாயிற்று. சுவரோவியங்கள் கொண்ட அரண்மனை இன்றும் உண்டு. ஆயினும் கடைவீதியில் நம்மை எதிர்கொண்டது ஏலக்காயின் மணமே. மலைமேல் விளையும் காய், விலைபோவதற்கு இங்கே இறங்கி வருகிறது. பெண்கள் வரிசையாக அமர்ந்து பருமனும் பச்சை நிறமும் பார்த்துக் காய்களைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தனர். "ஏலத்தை ஏலம் விடும் ஊர்" என்று உடன் வந்த நண்பர் நகைத்தார்.

முந்தலைக் கடந்ததும் பேருந்து மலையேறத் தொடங்கியது. போடிமெட்டுவரை 17 கொண்டை ஊசி வளைவுகள். பத்தாவது வளைவுக்குமேல் காற்றுக் குளிர்ந்தது. சமவெளி கீழே ஒரு பாய்போல் விரிந்தது. மெட்டைத் தாண்டினால் மரநிழலில் ஏலத்தோட்டங்கள். பூப்பாறைக்கு அப்பால் தேயிலை. மதுரை உயர்மறைமாவட்டம் முடிந்து விசயபுரம் மறைமாவட்டம் தொடங்குவதும் அந்த மலைமுகட்டில்தான். பேருந்தில் எவரும் அதைப் பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை.

நமக்கு அருகில் ஒரு மூதாட்டி, துணிப்பையை மடியில் அணைத்தபடி அமர்ந்திருந்தார். மூணாறுப் பகுதித் தோட்டமொன்றில் முப்பத்தெட்டு ஆண்டுகள் கொழுந்து பறித்தவர். ஓய்வு பெற்றதும் லயத்து வீட்டை ஒப்படைத்துவிட்டுப் போடிக்கு இறங்கி, வாடகை வீட்டில் மகனுடன் வாழ்கிறார். அவருடைய காகிதங்கள் ஒன்றில் ஒரு வயதும் மற்றொன்றில் வேறொரு வயதும் இருப்பதால், முதியோர் உதவித்தொகை கிட்டவில்லை. "மலைக்கோவில் ஏட்டுல எம்பேரு இருக்கும் தம்பி. அங்கதான் எனக்கு ஞானஸ்நானம்" என்றார்.

இவரைப் போன்றோருக்காக எழுந்ததே அக்கோவில். 1877-இல் ஜான் டேனியல் மன்றோ பூஞ்சாறு அரசரிடமிருந்து இம்மலைகளைக் குத்தகைக்குப் பெற்றார். 1897-இல் கண்ணன் தேவன் கம்பெனி உருவாயிற்று. காடழித்துத் தேயிலை நட, கங்காணிகள் தமிழ்நாட்டின் வறண்ட ஊர்களிலிருந்து குடும்பம் குடும்பமாக ஆட்களைத் திரட்டினர். பலர் போடியிலிருந்து கொட்டகுடி வழியாகவே ஏறினர். பின்னாளில் டாப் ஸ்டேஷனிலிருந்து கொட்டகுடிக்குக் கம்பிவடம் அமைந்தது. தேயிலைப் பெட்டிகள் வடத்தில் தொங்கி இறங்கின. மனிதரோ நடந்தே ஏறினர்! மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷனுக்கு ஓடிய சிறு இரயிலை 1924-ஆம் ஆண்டுப் பெருவெள்ளம் அடித்துச் சென்றுவிட்டது.

கம்பெனி உருவான மறு ஆண்டே, 1898-இல், ஸ்பெயின் நாட்டுக் கார்மேல் துறவி அல்போன்ஸ் மரியா அடிகளார் மூணாறில் கோவில் கண்டார். விசயபுரம் மறைமாவட்டம் அப்போது பிறக்கவில்லை. அது 1930-இல்தான் வராப்புழையிலிருந்து பிரிந்தது. இந்த உயர்மலைப் பகுதியின் முதல் கத்தோலிக்கக் கோவில் இதுவே. 2024-இல் திருத்தந்தை பிரான்சிஸ் இதனைப் பசிலிக்காவாக உயர்த்தினார்.

மூன்று ஆறுகள் கூடும் மூணாறில் மூன்று குன்றுகளும் உண்டு. ஒன்றில் முருகன் கோவில், ஒன்றில் பள்ளிவாசல், ஒன்றில் கார்மேல் அன்னை. படியேறி நிற்கையில் நகரமெல்லாம் காலடியில் கிடந்தது. மூடுபனி வந்து அதனை மறைத்தது, மறுபடி திறந்து காட்டியது. உள்ளே நாலைந்து பெண்கள் தமிழில் செபமாலை சொல்லிக்கொண்டிருந்தனர். ஐரோப்பாவின் பேராலயங்களில் அரசர்களின் கல்லறைகளைக் காணலாம். இங்கே நாம் காண வந்தது அதுவன்று.

தோட்டத்தில் வாழ்வோருக்கு வேலை உள்ளவரை வீடு; வேலை போனால் வீடும் போகும். வேலை இருக்கும்போதே போனதும் உண்டு. 2020 ஆகஸ்ட் 6-ஆம் நாள் இரவு பெட்டிமுடியில் மலை சரிந்து, உறங்கிக்கொண்டிருந்த லயங்களை மூடியது. 70 உயிர்கள் மாண்டன, பெரும்பாலோர் தமிழர். மூன்று தலைமுறை உழைத்தும் இம்மலையில் ஒரு பிடி மண் தமதென்று சொல்ல வழியில்லாதவர்கள். ஆனால், பிறந்ததும் மணந்ததும் மறைந்ததும் கோவில் ஏட்டில் எழுதப்பட்டன. மலை அவர்களுக்குக் கொடுத்த பட்டா அது ஒன்றுதான் என்று நமக்குத் தோன்றியது.

அலுவலக வாசலில் மூதாட்டி வெகுநேரம் காத்திருந்தார். பழைய ஏட்டைத் தேடி எடுக்க ஒரு மணி நேரத்துக்குமேல் ஆயிற்று. சான்றிதழ் கைக்கு வந்ததும் நம்மிடம் நீட்டினார். அவருக்கு எழுத்து வாசனை இல்லை. திருமுழுக்குப் பெற்ற நாள், தந்தையின் பெயர், தாயின் பெயர், ஞானப்பெற்றோர் என வரிசையாக வாசித்தோம். வயதைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை. தாயின் பெயரை மட்டும் இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னார்.