கால் வட்டத்தில் ஒரு கிறிஸ்துமஸ் மரம்

கொல்கத்தாவுக்கு மாற்றலாகி வந்த புதிதில் என்னை ஆச்சரியப்படுத்தியது டிசம்பர்தான். கிறிஸ்துமஸுக்கு இங்கே 'பொரோதின்' என்று பேர். பெரிய நாள். எந்தச் சாமி கும்பிடுகிறவர்களும் கேக் வாங்குவார்கள். நியூ மார்க்கெட்டில் இருக்கும், 1902-ல் தொடங்கிய நஹூம்ஸ் கடை வரிசையில் நாங்களும் ஒருமுறை நின்று கால் கடுத்துத் திரும்பினோம்.

போன டிசம்பரில் எங்கள் குடியிருப்பில் ஒரு விற்பனை. வீட்டு வேலைக்கு வரும் பெண்களுடைய பிள்ளைகளின் பள்ளிச் செலவுக்காக. வீட்டுக்கு ஒரு பொருள், கையால் செய்தது. முறுக்கு சுட்டுக் கொடுத்துத் தப்பித்துவிடலாம் என்று இருந்தேன். ஆனால் என் மனைவி, "இவரோட அப்பா டெய்லர். இவர் துணியில கிறிஸ்துமஸ் மரம் செஞ்சு தருவார்" என்று கூட்டத்தில் சொல்லிவிட்டு வந்துவிட்டாள்!

அப்பா டெய்லர்தான். திண்டுக்கல்லில் முப்பத்தைந்து வருஷம். எனக்கோ பட்டன் தைக்கக்கூடத் தெரியாது. தீபாவளி முடிந்தால் கிறிஸ்துமஸ் தையல், அது முடிந்தால் பொங்கல். 24-ம் தேதி ராத்திரி, பூசைக்குப் போகிறவர்கள் துணிக்காகக் கடை வாசலில் நிற்பார்கள். ஆள் போதாமல் அம்மா உட்கார்ந்து காஜா எடுப்பாள். நான் மிஷினில் கால் வைத்தால் மட்டும் ஸ்கேலால் அடி விழும். "போய்ப் படி." படித்தேன். பி.காம்., அப்புறம் பேங்க்.

கடையை மூடிப் பதினோரு வருஷம் ஆகிறது. கண் ஆபரேஷனுக்குப் பிறகு மிஷினையும் கொடுத்துவிட்டார். போனில் எங்கள் பேச்சு இரண்டு நிமிஷம் தாண்டாது. "சாப்பிட்டியா? அங்க குளிரா? சரி, அம்மாகிட்ட குடுக்கறேன்."

மரம் விஷயத்தைச் சொன்னதும் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "என்ன ஒசரம்?" என்றார்.

"ஒன்றரை அடி."

"குடைப்பாவாடை வெட்டற மாதிரிதான்டா. துணி மூலையில டேப்பை வெச்சுப் பிடிச்சுக்க. 18 இன்ச்சுல சாக்பீஸைச் சுத்து, கால் வட்டம் வரும். ரெண்டு ஓரத்தையும் சேர்த்தா கூம்பு. ஒரு மீட்டரா வாங்கிக்க."

பேங்க் புத்தி சும்மா இருக்குமா? கணக்குப் போட்டுப் பார்த்தேன். அடி அகலம் 9 இன்ச், உயரம் ஏறக்குறைய பதினேழரை. அப்பா எட்டாவது வரை படித்தவர்.

கரியாஹாட் நடைபாதையில் பச்சைக் காட்டன் வாங்கி வெட்டினேன். தையலுக்கு விட வேண்டிய அரை இன்ச்சை விடவில்லை. பயந்துகொண்டே சொன்னேன்.

"தெரியும்டா. முதல் துணியை எல்லாரும் வீணாக்குவாங்க. அதான் ஒரு மீட்டர் சொன்னேன். வீணானதைப் பட்டை பட்டையா வெட்டிச் சுருக்கு வெச்சுத் தை, கிளை மாதிரி நிக்கும்."

பஞ்சுக்குக் கவலையில்லை. குளிர்காலத்தில் இங்கே 'துனுரி'கள் தெருவில் வில்லை டொய்ங் டொய்ங் என்று மீட்டிக்கொண்டு வருவார்கள், ரஜாய்க்குப் பஞ்சு அடிக்க. ஒருவரிடம் கால் கிலோ வாங்கினேன். அடைத்து நிமிர்த்தினால் மரம் சாய்ந்து சாய்ந்து விழுந்தது. "அடியில மணல் மூட்டை வை" என்றார் அப்பா. நின்றது.

நாலு ராத்திரி, போனை ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டு கையாலேயே தைத்தேன். மூன்றாவது ராத்திரி கேட்டேன். "ஏம்ப்பா எனக்குக் கத்துக்குடுக்கல?"

"வராதுன்னா குடுத்திருப்பேன். சின்ன வயசுலயே உனக்குக் கத்தரி பிடிக்கற வாகு இருந்துச்சு. நல்லா தைச்சிருவியோன்னு பயம். அப்புறம் கடையை விட்டு நகர மாட்டே." உடனே, "நூலை இறுக்காதடா, துணி சுருங்கும்."

நான் ஊசியைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்சநேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

விற்பனையன்று ஒரு வங்காளி மாஷிமா மரத்தைத் தலைகீழாகக் கவிழ்த்து அடித்தையலைப் பார்த்தார். 350 ரூபாய் கொடுத்து எடுத்துக்கொண்டார். பேரம் பேசவில்லை (கொல்கத்தாவில்!).

அப்பாவிடம் சொன்னேன். "துணி எவ்வளவு?"

"120."

"பஞ்சு, நூலு, பாசி?"

"70."

"நாலு ராத்திரி கூலி?"

"போடலைப்பா."

"கூலியைப் போடாம என்னடா கணக்கு? இதுக்கா பி.காம் படிச்சே?"

பின்னால் அம்மா போனைக் கேட்பது காதில் விழுந்தது. "இரு, பேசிட்டிருக்கேன்ல" என்றார்.