ஆடத் தெரியாத இருவர்

ஆசிரியத் தொழிலில் இருபது ஆண்டுகளைக் கழித்தவன் நான். கற்பிப்பது கணிதம். இக்காலத்தில் நான் கற்பித்ததிலும் கற்றுக்கொண்டதே அதிகம் என்று கூறினால், அதனை அடக்கங் கருதிச் சொல்லும் சம்பிரதாய வார்த்தையென வாசகர்கள் எண்ணலாகாது. கடல் கடந்த நாடொன்றிலே மகளிருக்குப் பந்தாட்டம் பயிற்றும் ஓர் அம்மையாரிடமிருந்து அண்மையில் நான் ஒரு பாடம் கற்றேன். அவர் என்னை அறியார். நானும் அவரை நேரிற் கண்டதில்லை.

இவ்வாண்டு தை மாதத்தில் எங்கள் அதிபர் பத்தாம் வகுப்பின் கடைசிப் பிரிவை என்னிடம் ஒப்படைத்தார். பின்னம் என்றால் முகம் சுளிக்கும் முப்பத்திரண்டு பிள்ளைகள். 'சித்தியடையக் கூடியவர்களை மற்றவரிடம் கொடுத்துவிட்டு எஞ்சியதை என் தலையிற் கட்டிவிட்டார்களே' என்று உள்ளம் புழுங்கியது. சிக்காகோ நகரில் வாழும் என் தமையனாரின் மகள் விடுமுறைக்கு வந்திருந்தாள். ஒருநாள் மாலை விறாந்தையில் இருந்து அவளிடம் இந்தக் குறையைக் கொட்டித் தீர்த்தேன். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சித்தப்பா, எங்கள் ஊர்ச் சர்வகலாசாலையில் நடந்த ஒரு கதை சொல்லட்டுமா?" என்றாள்.

கதைக்கு முன் ஆட்டத்தைப் பற்றிச் சிறிது கூறவேண்டும். அதன் பெயர் லக்ரோஸ். வலைப்பந்தும் உதைபந்தும் அறிந்த நம் பிள்ளைகளுக்கு இது புதிது. கையிலுள்ள தடியின் தலைப்பில் ஒரு சிறு வலை. அதனாற் பந்தை ஏந்தி, எறிந்து, ஓடி, எதிரணியின் இலக்கினுட் செலுத்த வேண்டும். வட அமெரிக்காவின் ஆதிக்குடிகள் ஆடிவந்த ஆட்டம் இது. 1890 ஆம் ஆண்டில் ஸ்கொட்லாந்துப் பாடசாலையொன்றின் மாணவியர் இதனை ஆடத் தொடங்கினர். 1926 இல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரத்துப் பெண்கள் பாடசாலையொன்றில் இது வேரூன்றியது.

1982 இல், சிக்காகோவுக்கு வடக்கேயுள்ள நோர்த்வெஸ்டேர்ண் சர்வகலாசாலையில் சின்டி டிம்ச்சல் என்னும் அம்மையார் மகளிர் லக்ரோஸ் அணியின் தலைமைப் பயிற்றுநரானார். ஒன்பது பருவங்கள் அங்கே உழைத்தபின் மேரிலாண்ட் சர்வகலாசாலைக்குச் சென்றார். அங்கே அவர் அணி 1992 இலும், பின்னர் 1995 முதல் 2001 வரை இடைவிடாது ஏழு முறையும், ஆக எட்டுத் தடவை தேசிய வெற்றியைப் பெற்றது. அவர் விட்டுவந்த அணியின் விதியோ வேறு. 1992 ஆம் ஆண்டோடு நோர்த்வெஸ்டேர்ண் அந்த அணியையே கைவிட்டது.

மேரிலாண்டில் டிம்ச்சலிடம் பயின்று, 1995, 1996 ஆகிய இரு வெற்றிகளிலும் பங்குகொண்டவர் கெலி அமொன்டே ஹில்லர். ஆசிரியை முன்னாளில் உழுத நிலம் தரிசாய்க் கிடக்க, அதனை மீண்டும் பண்படுத்தச் சென்றவர் இந்த மாணாக்கியே. 2002 ஆம் ஆண்டுப் பருவத்தில் நோர்த்வெஸ்டேர்ண் மீண்டும் களத்தில் இறங்கியது. இந்த ஆட்டம் செழித்த இடம் கிழக்குக் கரை. தேர்ந்த வீராங்கனையர் அங்குள்ள புகழ்பெற்ற அணிகளையே நாடினர். புதிய அணிக்கு ஆட்களை எங்கே தேடுவது?

சர்வகலாசாலை வளவில் இரட்டைச் சகோதரியர் இருவர் ஓடிக்கொண்டிருந்ததை அமொன்டே ஹில்லர் கண்டார். அவர்கள் லக்ரோஸ் ஆடி அறியாதவர்கள். ஆயினும் அவர்களின் ஓட்டத்திலே எதனையோ கண்டு, அணியிற் சேருமாறு அழைத்தார். தடியைப் பிடிப்பதிலிருந்து யாவும் கற்பித்தார். 2005 இல் நோர்த்வெஸ்டேர்ண் அணி ஆடிய 21 ஆட்டங்களிலும் வென்று, இறுதியாட்டத்தில் வேர்ஜினியாவை 13க்கு 10 என்ற கணக்கில் தோற்கடித்துத் தேசிய வெற்றியைச் சூடியது. அந்த அணியில் அவ்விரு சகோதரியரும் இருந்தனர்.

கதை முடிந்தது. எனக்கோ அன்றிரவு உறக்கம் வரவில்லை. மூன்றாண்டுகளுக்கு முன் எங்கள் வீட்டு மதில் மாரி மழையிற் சரிந்தபோது அதைக் கட்டுவதற்கு வந்த மேசன் என் பழைய மாணாக்கன். ஒன்பதாம் வகுப்பிலே, எல்லார் முன்னிலையிலும், "உனக்கு இந்தச் சென்மத்திற் கணக்கு வராது" என்று நான் சொல்லியிருந்தேன். அடுத்த தவணைக்கு அவன் வரவில்லை. அவனோ மதில் நின்ற இடத்தை ஒருமுறை காலால் அளந்து நடந்துவிட்டு, கல் இத்தனை, சீமெந்து இத்தனை பை, மணல் இவ்வளவு என்று தாளும் பென்சிலுமின்றிச் சொன்னான். வேலை முடிந்தபோது மிஞ்சியவை நான்கே கற்கள். நான் வியந்து நிற்க, "நீங்கள் படிப்பிச்ச கணக்குத்தானே, சேர்" என்று சிரித்தான். அந்தச் சிரிப்பில் ஒரு துளி வன்மம் இருந்திருந்தாலும் என் மனம் ஆறியிருக்கும். அது இல்லை.

ஓடும் இருவரைக் கண்ட கண் அந்த அம்மையாருக்கு இருந்தது. ஐந்தாண்டு என் முன்னால் இருந்தவனைக் காணும் கண் எனக்கு இல்லாமற்போயிற்று.

அமொன்டே ஹில்லரின் பிற்கால வரலாறும் அறியத்தக்கது. 2005 முதல் 2009 வரை தொடர்ந்து ஐந்து வெற்றிகள். 2011, 2012 இல் மேலும் இரண்டு. அதன்பின் பத்தாண்டு தேசிய வெற்றி கிட்டவில்லை. 2022 அரையிறுதியில் எட்டு இலக்குகள் முன்னின்ற அவர் அணி, வட கரோலினாவிடம் 15க்கு 14 எனத் தோற்றது. மறு ஆண்டே பொஸ்டன் கல்லூரியை 18க்கு 6 என்று வென்று எட்டாவது வெற்றியைப் பெற்று, அவர் தம் ஆசிரியையின் எட்டை எட்டினார். 2024 இலும் 2025 இலும் இறுதியாட்டம் வரை வந்து தோற்றார். டிம்ச்சலும் எட்டு வெற்றியோடு ஓய்ந்திருக்கவில்லை. கடற்படைக் கழகத்திற் புதிய அணியொன்றைத் தொடக்கத்திலிருந்து வளர்த்து, 2017 இல் அதனைத் தேசிய அரையிறுதிக்குக் கொண்டுசென்றார்.

மறுநாட் காலை வகுப்பிலே புத்தகத்தைத் திறக்காமல், மதிலொன்றின் நீளத்தையும் உயரத்தையும் கரும்பலகையில் எழுதி, "எத்தனை கல் வேண்டும்?" என்று கேட்டேன். நெடுநேரம் அமைதி. பின்பு கடைசி வாங்கிலிருந்த பையன் ஒருவன், "வாசலுக்கு எவ்வளவு விடவேண்டும், சேர்?" என்றான். வாசலை நான் மறந்துபோயிருந்தேன்.

அவன் சென்ற தவணைப் பரீட்சையிற் பெற்றது 31 புள்ளி. அதற்கு முந்தியது 12. இன்னும் அவன் சித்தியடையவில்லை. சித்தியடைவானோ என்பதும் எனக்குத் தெரியாது. ஆனால் "உனக்கு வராது" என்ற சொல்லை இனி என் வாயிலிருந்து அவன் கேட்கப்போவதில்லை. மதில் கட்டிய பிள்ளைக்கு நான் பட்ட கடனில், இவ்வளவையாவது தீர்த்துக்கொள்ள விரும்புகிறேன்.