சுமக்கவும் கற்க வேண்டும்

ஈப்போ நகரின் புறத்தே, மின்தூக்கி இல்லாத அடுக்ககம் ஒன்றில், தரைத்தளத்திற்கு மேல் மூன்று மாடி ஏறிச் சென்றால் அந்த மூதாட்டியின் வீடு. சுங்கை சிப்புட் வட்டாரத்துத் தோட்டமொன்றில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பால்மரம் சீவியவர் அவர். லயத்து வீட்டில் வாசலைத் தாண்டினால் மண்தரை. மாடிப்படியை அவர் கால்கள் அறிந்ததில்லை. தோட்டம் கைமாறி, மரங்கள் சாய்க்கப்பட்டு, லயங்கள் இடிபட்டபோது, பேராவின் எத்தனையோ குடும்பங்களைப் போல அவர் குடும்பமும் மலிவுவிலை அடுக்ககத்திற்குக் குடிபெயர்ந்தது. கால்களில் வலுவிருந்த அந்நாளில் படிகள் ஒரு பொருட்டாகத் தோன்றவில்லை.

பின்னர் முதுமை வந்தது, நீரிழிவு வந்தது, சிறுநீரகம் பழுதுற்றது. வாரத்தில் மூன்று நாள், ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம் இரத்தச் சுத்திகரிப்பு செய்தாக வேண்டும் என்றாயிற்று. 1984ஆம் ஆண்டின் கட்டட விதிகள்படி ஒரு படியின் உயரம் 180 மில்லிமீட்டரை மிகலாகாது. மாடிக்கு மூன்று மீட்டர் உயரம் என்று கொண்டால் 17 படிகள். மூன்று மாடிக்கு 51. மும்முறை இறங்கி ஏறினால் வாரத்திற்கு 306 படிகள். அத்தனை படிகளிலும் அவரை நெகிழி நாற்காலி ஒன்றில் அமர்த்தி இரு மகன்களும் சுமந்தனர்.

மழை பெய்த ஒரு நாள், ஈரப்படியில் இளையவனின் கால் வழுக்கியது. அஞ்சிய தாய் கைப்பிடிக் கம்பியை எட்டிப் பற்றினார். நாற்காலி சாய்ந்தது, மூவரும் படித்திருப்பத்தில் விழுந்தனர். நல்லவேளையாக எலும்பு எதுவும் முறியவில்லை. ஆயினும் அடுத்த சிகிச்சை நாளன்று தாய், "இன்றைக்கு உடம்பு நன்றாகத்தான் இருக்கிறதப்பா; அடுத்த தடவை போய்க்கொள்ளலாம்" என்றார். மகன்கள் நம்பினர். அதற்கடுத்த முறையும் அதே சொல். மூன்றாம் நாள் இரவு கால்கள் வீங்கி, மூச்சுத் திணறிய பின்னரே உண்மை விளங்கிற்று. தாய் அஞ்சியது நோய்க்கன்று, மகன்களின் முதுகுக்கு.

அதே அடுக்ககத்தில் வாழ்ந்த, ஓய்வுபெற்ற மருத்துவமனை உதவியாளர் ஒருவர் செய்தியறிந்து, அறச்சங்கம் ஒன்றிலிருந்து படியிறக்கும் நாற்காலியை இரவலாகப் பெற்று வந்தார். மடித்து வைக்கத்தக்க இலேசான நாற்காலி அது. அதன் பின்புறத்தில் இரண்டு பட்டைகள் உண்டு. நாற்காலியைப் பின்னோக்கிச் சாய்த்தால் அப்பட்டைகள் படிகளின் விளிம்பைக் கவ்விக்கொள்ளும். உராய்வு வேகத்தைக் கட்டுப்படுத்தும். நோயாளியின் பாரம் பெரும்பாலும் படிகளின் மேல் இறங்கும். சுமப்பவரின் முதுகெலும்பு தப்பும்.

"முதலில் நீ உட்கார், தம்பி. உட்கார்ந்தவனுக்குத்தான் அம்மாவின் பயம் தெரியும்" என்று மூத்தவனை அமர்த்திப் பாடத்தைத் தொடங்கினார் அப்பெரியவர். படிகளில் செருப்போ பூந்தொட்டியோ ஈரமோ இருத்தலாகாது. மார்பு, இடுப்பு, கால் ஆகிய மூன்றிடத்தும் வார்களைப் பூட்ட வேண்டும். ஆனால் சிகிச்சைக்கான இரத்தக்குழாய் இணைப்புள்ள கையை எதுவும் அழுத்தலாகாது. நோயாளி கைகளை மடியில் வைத்துக்கொள்ள வேண்டும். கம்பியைப் பற்றும் கையே சமநிலையைக் கெடுப்பது. முகம் இறங்கும் திசையை நோக்க, கால்கள் முன்செல்ல வேண்டும். ஒருவர் மேலே நின்று பிடிக்க, மற்றவர் கீழ்ப்புறம் நின்று தாங்க வேண்டும். மூன்றாமவர் இருப்பின், கீழே நிற்பவரின் முதுகில் கைவைத்துப் படிகளை எண்ணிச் சொல்ல வேண்டும். கட்டளை ஒருவருடையதாக மட்டும் இருத்தல் வேண்டும். நகர்த்துமுன் ஒவ்வொரு முறையும் நோயாளியிடம் சொல்ல வேண்டும்.

நாற்காலி எல்லாவற்றுக்கும் மருந்தன்று என்பதையும் அவர் மறைக்கவில்லை. முதுகெலும்பில் அடிபட்டவரையும் நினைவிழந்தவரையும் அதில் அமர்த்தலாகாது. மேலும், அவ்வகை நாற்காலி இறக்கத்திற்கே உதவும். ஏற்றத்திற்கு மின்விசையால் இயங்கும் வேறுவகை வேண்டும். அது இல்லாத இடத்தில் தோள்களே துணை. ஆகவே ஏறும்போது அண்டை வீட்டு இளைஞர் இருவரும் கைகொடுப்பது என்று முடிவாயிற்று.

மின்தூக்கி உள்ள கட்டடங்களுக்கும் இப்பாடம் உரியதே. தீப்பற்றினால் மின்தூக்கியைப் பயன்படுத்தலாகாது. நியூயார்க்கின் உலக வணிக மையத்தில் 1993ஆம் ஆண்டுக் குண்டுவெடிப்புக்குப் பின் இத்தகைய நாற்காலிகள் வாங்கி வைக்கப்பட்டன. 2001 செப்டம்பர் 11 அன்று, நடக்கவியலாத ஊழியர் ஒருவரை 69ஆம் மாடியிலிருந்து உடன் பணியாற்றியவர்கள் அந்நாற்காலியில் இறக்கிக் காத்தனர். மலேசியாவிலும் 2016 அக்டோபர் 25 அன்று ஜொகூர் பாரு சுல்தானா அமினா மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவில் மூண்ட தீயில் நோயாளிகள் அறுவர் மாண்டனர். அத்தகைய நோயாளிகளுக்கு நாற்காலி மட்டும் போதாதுதான். எனினும் எழுந்தோட இயலாதவரை எவ்வாறு வெளியேற்றுவது என்பதை ஆபத்து வருமுன்னரே எண்ணிப் பழக வேண்டும் என்பதை அத்துயரம் உணர்த்துகிறது.

முதன்முறை நாற்காலியில் இறங்கிய நாளில் மூதாட்டி கண்களை இறுக மூடிக்கொண்டார். இரண்டாம் மாடியில் மெல்லத் திறந்தார். இரு வாளிப் பாலைக் காண்டாக் கம்பில் தொங்கவிட்டுச் சிந்தாமல் சுமந்தவர் அல்லவா? தரையைத் தொட்டதும், "அவசரப்படாமல் இறக்கினீர்கள், சிந்தவில்லை" என்றார். அதற்குப் பின் அவர் உடல் நன்றாயிருப்பதாகப் பொய் சொல்லவில்லை.

அன்பிருந்தால் சுமந்துவிடலாம் என்று மக்கள் நம்புகின்றனர். அந்த மகன்களிடம் அன்புக்குக் குறைவிருந்ததில்லை, குறைந்திருந்தது பயிற்சியே. தோட்டத்தை விட்டு வந்த முதியோர் பலர் இன்று இத்தகைய படிகளுக்கு மேலே வாழ்கின்றனர். அடுக்ககத்திற்கு ஒரு நாற்காலியும், அதைக் கையாளத் தெரிந்த நான்கு இளைஞரும் இருப்பது பெருஞ்செலவன்று. கோயில் மண்டபத்தில் ஒரு ஞாயிறு காலை போதும், கற்றுக்கொடுக்க.