0.66

கோயம்புத்தூரில் மோட்டார் பம்புக்கு ஒரு கட்டுப்பாட்டு போர்டு வடிவமைத்தேன். 3.3 வோல்ட் மைக்ரோகன்ட்ரோலரிலிருந்து வரும் சிக்னல், 5 வோல்ட்டில் ஓடும் 74எச்சி244 பஃபர் வழியாக ரிலே டிரைவருக்குப் போக வேண்டும். என்ஜிஸ்பைஸ் என்ற சுற்று சிமுலேட்டரில் ஓட்டிப் பார்த்தபோது அலைவடிவம் கத்தியால் சீவியதுபோல் வந்தது. அதை நம்பி 40 போர்டு செய்யச் சொன்னேன்.

மேசையில் எல்லாமே ஓடின. பம்புக்குப் பக்கத்தில் மாட்டியதும் சிலவற்றில் ரிலே படபடவென்று அடித்துக்கொண்டது. சால்டரிங் சரியில்லை என்று நானே முடிவுகட்டினேன். அதைச் செய்த அண்ணன் என்னைவிட 15 வயது மூத்தவர். ஒரே போர்டை மூன்று முறை திருப்பிக் கொடுத்தேன். ஒரு வார்த்தை பேசாமல், மூன்று முறையும் ஒவ்வொரு காலாக மறுபடி உருக்கி ஒட்டித் தந்தார்.

தப்பு என் சிமுலேட்டர் ஃபைலில் இருந்தது.

சிமுலேட்டரின் அனலாக் பக்கம் வோல்டேஜை நுணுக்கமாகக் கணக்கிடும். டிஜிட்டல் பக்கத்துக்குத் தெரிந்த மட்டங்கள் 0, 1, இரண்டும் இல்லாத 'தெரியாத நிலை', அவ்வளவுதான். நடுவில் ஒரு பாலம். ஜார்ஜியா டெக்கில் உருவான எக்ஸ்ஸ்பைஸ் தந்த ஏற்பாடு. எத்தனை வோல்ட்டுக்குக் கீழே 0, எத்தனைக்கு மேலே 1 என்று அதற்கு எழுதித் தரவேண்டியது நாம்தான். நான் பழைய டிடிஎல் சுற்று ஒன்றிலிருந்து 0.8, 2.0 என்ற எண்களை எடுத்து அப்படியே ஒட்டியிருந்தேன். அந்தக் கணக்கில் 3.3 சந்தேகமில்லாத 1. எச்சி வகைக்கோ எல்லை ஏறக்குறைய சப்ளையில் 30, 70 சதவீதம். 5 வோல்ட்டில் 1.5, 3.5. நடைமுறையில் சிப்புகள் பாதி சப்ளையை ஒட்டியே மாறிவிடும். மேசையில் பிழைத்தது அதனால்தான். மோட்டார் கிளம்பி கிரவுண்ட் ஆடும்போது அந்தக் கொஞ்ச இடைவெளியும் போய்விட்டது.

அன்றிரவு பாலத்தை மாற்றி எழுதினேன். இன்புட்டைச் சப்ளையால் வகுத்து, அந்த விகிதத்தைப் பாலத்துக்குக் கொடுத்தேன்; எல்லை 0.3, 0.7. சப்ளை ஏறி இறங்கினால் எல்லையும் கூடவே நகரும். 3.3ஐ 5ஆல் வகுத்தால் 0.66. சிக்னல் மேலே போகவேண்டிய இடத்திலெல்லாம் திரையில் 'தெரியாத நிலை' என்றே வந்தது. வெகுநேரம் அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

காலையில் அண்ணனிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். 74எச்சிடி244 போட்டால் போதும். கால்கள் அதே வரிசை, நான் எழுதிய 0.8, 2.0 எல்லை உண்மையில் அதற்குரியது. ஆனால் 40 சிப்பையும் கழற்ற வேண்டும்.

அவர் கேட்டது ஒன்றுதான். "அப்போ என்ற சால்டரிங்ல தப்பில்லீங்ளா தம்பி?"

"இல்லீங்ணா."

தலையாட்டிவிட்டு, சால்டரிங் அயர்னைச் சூடு பண்ண வைத்தார்.